பிளம்பர் இறங்காத தொட்டி

திருத்தணியில் எல்லாருக்கும் பிளம்பர் வேண்டும். பிளம்பர் சொல்வதைக் கேட்கத்தான் ஒருத்தருக்கும் காது கிடையாது. ஃப்ளஷ் டேங்கில் தண்ணீர் நிற்காமல் ஓடுகிறதென்றால் வாஷர் போயிருக்கும், இல்லையென்றால் மிதவை சாய்ந்திருக்கும். பத்து நிமிட வேலை. அதை ஆறு மாதம் நூல் கட்டிச் சமாளித்துவிட்டு, ஒரு நாள் விடியற்காலையில் போன் போட்டு 'உடனே வா' என்பார்கள். குழந்தையின் டயப்பரைக் கழிப்பறைக் கோப்பைக்குள் போட்டுத் தண்ணீரை ஊற்றிவிட்டு, அடைப்பு எப்படி வந்தது என்று என்னையே கேட்பார்கள். பதினொரு வருடமாக இதைத்தான் பார்க்கிறேன். ஐடிஐயில் படித்து வாங்கிய சான்றிதழ் வீட்டில் இருக்கிறது. அதை இதுவரை யாரும் கேட்டதில்லை.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் காலையில் பெருமாள் வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். பெருமாளுக்குப் பள்ளிப்பட்டுப் பக்கம் பன்னிரண்டு ஏக்கர் கரும்பு. என் அப்பா தங்கவேல் முப்பது வருடமாக அங்கேயே குடியிருந்து அந்த நிலத்தில்தான் வேலை செய்கிறார். திருத்தணியில் மலையடிவாரத்தில் பெருமாள் வீடு கட்டி ஒன்பது வருடமாகிறது. அப்பா அவரை ஐயா என்பார். நான் சார் என்பேன். அப்படிக் கூப்பிடுவதற்காகவே நான் படித்தேன் என்று சொன்னாலும் தப்பில்லை.

வீடு முழுக்க உறவுக்காரர்கள். காவடி எடுக்க நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் பதினெட்டுப் பேர் வந்து இறங்கியிருந்தார்கள். பெருமாளின் மனைவி சுலோச்சனா என்னைப் பக்கத்துச் சந்து வழியாகப் பின்னால் அழைத்துப் போனார்.

"கீழ ரெண்டு பாத்ரூமு, மாடில ஒண்ணு. மூணும் ஒரே நாள்ல மக்கர் பண்ணுது விஜயா. வந்தவங்க முன்னாடி மானம் போவுது."

மாடியில் மிதவைதான் கோளாறு. சரி செய்தேன். கீழே இரண்டிலும் அடைப்பு எடுக்கும் ஸ்பிரிங்கை விட்டுப் பார்த்தேன், தடையில்லாமல் போனது. ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றியதும் கோப்பைக்குள் குமிழி விட்டது, குளியலறைத் தரையில் அழுக்குத் தண்ணீர் மேலே வந்தது. ஒரு கழிப்பறை மட்டும் அடைத்தால் கோளாறு அதில். இரண்டிலும் ஒன்றாகத் தண்ணீர் எதிர்த்து வந்தால் கோளாறு செப்டிக் டேங்கில். பின்கட்டில் மூடியை நெம்பித் திறந்தேன். விளிம்பு வரை நிறைந்து நின்றது. ஒன்பது வருடத்தில் ஒரு தடவைகூட எடுக்கவில்லையாம்.

கழிவு உறிஞ்சும் லாரி வைத்திருக்கும் டில்லிபாபுவுக்குப் போன் போட்டேன். கிருத்திகை முடியும் வரை ஊருக்குள் எந்த வண்டியையும் போலீஸ் விடாது, மூன்று நாள் கழித்துத்தான் வர முடியும் என்றான். அதைப் பெருமாளிடம் சொன்னேன்.

"அதுவரிக்கும் இதுல யாரும் போவக் கூடாது சார். லாட்ஜ்ல ஒரு ரூம் எடுங்க. இல்லாட்டி கட்டணக் கழிப்பிடம் இருக்குது."

"கிருத்திகைக்கு எவன்பா ரூம் தருவான்? லாரி இன்னாத்துக்கு? மேலாப்புல ரெண்டடி மொண்டு ஊத்தினாப் போதும். பின்னாடி காலி மனைல குழி வெட்டிக்கலாம். உங்களுக்குத் தெரியாததா?"

வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்து என்னை நீ, உன்னை என்று பேசிக்கொண்டிருந்தவர், அந்த இடத்தில் மட்டும் 'உங்களுக்கு' என்றார். பின்கட்டில் நான் ஒருத்தன்தான் நின்றேன். மரியாதைக்காகச் சொன்னதல்ல என்று எனக்குத் தெரியும். என்னையும் அப்பாவையும் எங்கள் தெருவையும் சேர்த்துச் சொன்ன சொல் அது.

"எனக்குத் தெரியாது சார். நான் பிளம்பரு."

"உன்ன யாரு எறங்கச் சொன்னா? மேலருந்தே மொள்ளு."

"கொஞ்ச நேரத்துல பக்கெட்டு எட்டாது. அப்புறம் எறங்கும்பீங்க. ஆள் எறங்கக் கூடாதுன்னு சட்டமே இருக்குது. வெஷவாயு அடிச்சா ஒரு நிமிசம் போதும் சார். நான் செய்ய மாட்டேன்."

பெருமாள் கோபப்படவில்லை.

"சரி, போ. படிச்சவன் நீ" என்றார்.

ஸ்பிரிங்கைச் சுருட்டிக்கொண்டு வந்தேன். உண்மையைச் சொன்னால் அன்றைக்கு எனக்குக் கர்வமாக இருந்தது. இனிமேல் அந்த வீட்டில் என்னைக் கூப்பிட மாட்டார்கள், அவர்கள் சொந்தக்காரர்கள் யாரும் கூப்பிட மாட்டார்கள். போகட்டும். எங்கள் வீட்டு ஆள் ஒருத்தன் முடியாது என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னது அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்து என் மனைவி துர்காவிடம் இரண்டு தரம் சொன்னேன். பிறகு வேறொரு வீட்டில் குழாய் மாற்றப் போய்விட்டேன்.

நாலு மணிக்குத் திரும்பியபோது துர்கா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"மாமா வந்துக்கிறாரு. உள்ள வரமாட்டேன்றாரு. சோப்பு மட்டும் வாங்கிகினு பின்னாடி பைப்பாண்ட குளிச்சினு இருக்காரு."

பின்பக்கம் போவதற்கு முன்பே வாடை சொல்லிவிட்டது. அப்பா ஈரத் துண்டோடு நின்றிருந்தார். அறுபத்திரண்டு வயது. முழங்காலில் சிராய்ப்பு. என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"ஐயா போன் பண்ணாருடா. பஸ்ஸை ஊருக்கு வெளியவே நிறுத்திட்டான். காவடிங்களோட நடந்தே வந்தேன்."

"டேங்குல எறங்கினியா நைனா?"

"மேலருந்துதான் மொண்டேன். அப்புறம் எட்டல."

"செத்துப் போயிருந்தா?"

"சாவலையே" என்றார். அவருக்கு அதைப் பற்றிப் பேச விருப்பமில்லை. வேறு நல்ல சேதி இருந்தது. "உன் மேல வருத்தமா இருந்தாரு. சின்னப் பையன், தெரியாம பேசிட்டான், மனசுல வெச்சுக்காதீங்கன்னு சொன்னேன். இப்போ சரியாப் போச்சு. அவர் தம்பி அம்மையார்குப்பத்துல வூடு கட்றாராம். பைப்பு, பாத்ரூமு எல்லா வேலையும் உனக்குத்தான்னு சொல்லிட்டாரு."

காலையில் நான் சொன்ன 'மாட்டேன்' மத்தியானம் வரைக்கும்கூடத் தாங்கவில்லை. என்னைப் பெற்றவரே மூக்கைப் பிடிக்காமல் இறங்கி, அதையும் சேர்த்து மொண்டு கொட்டிவிட்டு வந்திருக்கிறார். கத்த வேண்டும் போல இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். எனக்கு ஒரு வழி செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

"நல்ல வேலைடா" என்று சொல்லிக்கொண்டே என் தோளைத் தொடக் கையை நீட்டினார்.

நான் பின்னால் நகர்ந்துவிட்டேன். நினைத்துச் செய்யவில்லை. கால் தானாகப் போனது.

அப்பாவின் கை அப்படியே நின்றது. பிறகு அதைத் தன் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார்.

"ஆங், இன்னும் போவல" என்றார். "நீ உள்ள போ. இன்னொரு தடவ சோப்பு போட்டுக்கினு வர்றேன்."

குழாயைத் திறந்துவிட்டு என் பக்கம் திரும்பாமல் குந்தினார்.