இலையில்லாப் பூவும் உளுத்த கட்டையும்

தாவரத் தோட்டத்துக் கண்ணாடிக் குடிலில் ஒன்பது வருடம் கழித்து ஆர்க்கிட் மொட்டு விட்டிருந்தது. இலை கிடையாது, பச்சை கிடையாது. வெளிறிய ஒரு தண்டு, தலையில் நாலு மொட்டு, அவ்வளவுதான். அதற்குக் கயிறு கட்டி, 'தொடாதீர்கள்' என்று பலகை வைத்து, ஆளாளுக்கு வாயைப் பிளந்து பார்த்தார்கள். அதன் அடியில் பாதி மண்ணில் புதைந்து கிடந்த உளுத்த கட்டையையும், அதில் தட்டுத் தட்டாக முளைத்திருந்த காளானையும் சீந்துவார் இல்லை. அதற்கு நாள் தவறாமல் தண்ணீர் தெளித்தவள், குடிலில் வேலை பார்த்த இவள் ஒருத்திதான். அதனால் 'கட்டைக்காரி' என்ற பெயர் இவளுக்கு ஒட்டிக்கொண்டது.

தோட்டத்து மேலாளர் வேறு யாருமல்ல, இவளுடைய சொந்த அண்ணன். மறுநாள் படம்பிடிக்க ஆட்கள் வருகிறார்கள் என்று தலைகால் புரியாமல் ஆடிக்கொண்டிருந்தான்.

"அந்தக் கட்டையத் தூக்கிக் குப்பையில போடு. அந்தப் பூ எங்க, இந்தக் காளான் எங்க! ஏணி வச்சாலும் எட்டாது."

"தொடமாட்டேண்ணே."

"மரத்தையே தின்னு அழிக்கிற சனியன் அது."

"ஆமா, மரத்தைத் தின்னுது. உன் ராணி எதைத் தின்னுறா? வெயில்ல சமைச்சுக்க அவகிட்ட ஒரு இலை இருக்கா? இந்தக் காளான் மண்ணுக்குள்ள நூல் நூலா ஓடி அவ வேருக்கு ஊட்டுது. சோறு போடுறவளத் தெருவுல தள்ளிட்டு விருந்துக்கு ஆள் கூப்பிடுறியா?"

"எனக்கே பாடம் எடுக்கிறியா?"

அவள் அலமாரியிலிருந்து ஒரு சட்டியைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். இதே ஆர்க்கிட்டின் ஜோடியை, சுத்தம் சுத்தம் என்று வேரைக் கழுவி, மண்ணை வேகவைத்து, காளான் நூல் ஒன்றுகூட மிஞ்சாமல் அண்ணன் தன் கையால் நட்ட சட்டி. இப்போதும் சுத்தமாகத்தான் இருந்தது. செடிதான் மூன்றே மாதத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது. 'தண்ணியை அதிகமா ஊத்திட்டா' என்று பழியைத் தங்கை தலையில் கட்டினான். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்ததற்காக அவளுக்குத் தன்மேலேயே இன்னும் கோபம் தீரவில்லை.

"இன்னொரு பழியை நான் சுமக்கமாட்டேன். எடுக்கணும்னா நீயே எடு."

வேலைப் பதிவேட்டைத் திறந்து நீட்டினாள். 'கட்டையை அகற்றச் சொன்னவர்' என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தாள்.

அண்ணன் பேனாவை எடுத்தான். சட்டியைப் பார்த்தான். பேனாவை வைத்துவிட்டான்.

"சரி, ஒரு துணியாவது போட்டு மூடித் தொலை."

"மூடமாட்டேன்."

சொல்லிவிட்டு, பூவின் முன்னால் இருந்த பலகையைப் பிடுங்கிக் கட்டையின் முன்னால் நட்டாள்.

"அப்ப பூவுக்கு?" என்று பதறினான் அண்ணன்.

"பூவுக்கும் சேத்துத்தான் வச்சிருக்கேன்."