மறுக்க முடியாத காரணம்

2004ஆம் ஆண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படித்த யூலியட், தன் இறுதியாண்டு வேலையைக் காட்டத் தன் தீவூரான அல்லைப்பிட்டியின் தேவாலய மண்டபத்தில் இரண்டு கணினிகளைப் பொருத்தினாள். ஒன்றிலுள்ள மென்பொருள் நண்டு விற்பவருக்காகப் பேசும், மற்றது வாங்குபவருக்காக. வெறுமனே விலை சொல்லி இழுபறிப்படாமல் இரண்டும் காரணம் சொல்லி வாதாடும். மறுக்க முடியாத காரணத்தைச் சொல்வது வெல்லும். இணையம் தீவுக்கு வந்தால் சந்தைக்குப் போகாமலே இப்படி விற்கலாம் என்று ஊராருக்கு விளங்கப்படுத்தினாள்.

விற்பவர் அயல்வீட்டு எமிலி. வீட்டுக் கஷ்டமெல்லாம் யூலியட்டிடம் மனம்விட்டுச் சொல்லியிருந்தாள். காரணம் கூடினால் பலம் கூடும் என்று யூலியட் ஒன்றும் விடாமல் கணினியில் ஏற்றியிருந்தாள். வாங்குபவர், நண்டு வியாபாரி பஸ்ரியாம்பிள்ளை. அவருக்குத் தெரிந்தவை மற்றக் கணினியில் இருந்தன.

திரையில் வந்த வரிகளை யூலியட்டே உரத்து வாசித்தாள்.

"விலை குறைக்க முடியாது. வீட்டுக்கு வேறு வருமானம் இல்லை."

"கொழும்பிலுள்ள கணவர் காசு அனுப்புகிறார்."

"அனுப்புவதில்லை. அவருக்கு அங்கே வேறு குடும்பம் இருக்கிறது."

வாசித்த பிறகுதான் வாய் நின்றது. அடுத்த வரியில் வாங்குபவரின் மென்பொருள் தோல்வியை ஒப்புக்கொண்டிருந்தது. மண்டபத்தில் ஒருவரும் எமிலியைப் பார்க்கவில்லை. கணவர் மாதாமாதம் அனுப்புகிறார் என்றுதான் அவள் ஊருக்குச் சொல்லிவந்தாள்.

பஸ்ரியாம்பிள்ளை மெல்ல, "கேட்ட விலையையே தாறன், தங்கச்சி" என்றார்.

"வேண்டாம் அண்ணை." நண்டுக் கடகப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு எமிலி வெளியேறினாள்.

யூலியட் றோட்டுவரை ஓடினாள். "அக்கா, அது இதைச் சொல்லுமெண்டு நான் நினைக்கேல்லை."

சொல்லும்போதே அது பொய் என்று அவளுக்குத் தெரியும். அந்த வரி வரக்கூடுமென்று நினைத்தவள்தான். வென்றால் போதும் என்றிருந்தது.

எமிலி திரும்பினாள். "நான் உனக்குத்தானே பிள்ளை சொன்னனான்."

பிறகு யூலியட் ஒரு விதியைச் சேர்த்தாள்: உரியவர் சம்மதிக்காத காரணத்தை மென்பொருள் சொல்லக்கூடாது. அதன்பின் அது அடிக்கடி தோற்றது. ஏன் இப்படிப் பலவீனமாக்கினீர் என்று பரீட்சகர் கேட்டபோது, நடந்ததைச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. புள்ளி குறைந்தது.

எமிலி தன் நண்டை யாழ்ப்பாணச் சந்தைக்கே கொண்டுபோகத் தொடங்கினாள். அவள் ஏறும் பஸ்ஸை யூலியட் பலநாள் வேண்டுமென்றே தவறவிட்டாள். ஒருநாள் வேறு வழியில்லாமல் ஏறினாள். எமிலி யன்னலோரம் ஒதுங்கி இடம் விட்டாள். பக்கத்தில் இருந்த யூலியட்டுக்குப் பட்டினம் வரும்வரை தலை நிமிரவில்லை.