முன்கையில் ஒரு முறிவு

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க" என்றான் மகன். நான் கேட்டது அம்மாவிடம். அறுபத்தெட்டு வயது அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பத்தொன்பது வருஷமாக எக்ஸ்ரே எடுக்கிறேன். வழுக்கி விழுகிற பெண்கள் கையை ஊன்றுவார்கள், மணிக்கட்டு போகும்; இல்லாவிட்டால் இடுப்பு. படமெடுக்கும்போது நோயாளியைத் தவிர யாரும் உள்ளே இருக்கக் கூடாது. அவனை வெளியே அனுப்பிக் கதவைத் தாழிட்டேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போனான்.

திரையில் மணிக்கட்டு கல்லு மாதிரி இருந்தது. முறிந்திருந்தது முன்கையின் நடுவில், சுண்டுவிரல் பக்கத்து எலும்பு. தலைக்கு வரும் அடியைக் கையால் தடுக்கிறவர்களுக்குத்தான் பெரும்பாலும் அங்கே முறியும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த படத்துக்காக, மேலே தொங்கும் கருவியை இழுக்கக் கையை உயர்த்தினேன். அந்த அம்மா முறிந்த கையாலேயே முகத்தை மறைத்துக்கொண்டு அலறினார்.

"எதால அடிச்சான்?"

"மாப்புக் கட்டையால. டாக்டர்கிட்ட சொல்லிடாதம்மா. கோவம் வந்தா அவனுக்குக் கண்ணு மண்ணு தெரியாது. மத்தபடி தங்கம்."

"அந்தத் தங்கத்தோட இன்னைக்கு வீட்டுக்குப் போனீங்கன்னா அடுத்தது மண்டைதான்."

போனை எடுத்து டாக்டரிடம் சொன்னேன்: "இது விழுந்த கை இல்ல சார். மகன்தான் அடிச்சிருக்கான். வெளியதான் நிக்கிறான்."

டோக்கன் கூப்பிடும் மைக்கை நான் அணைக்கவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். வராந்தாவில் காத்திருந்த அத்தனை பேருக்கும் கேட்டிருந்தது.

மூன்றாவது உதையில் தாழ்ப்பாள் பிய்ந்தது. உள்ளே பாய்ந்தவன் அம்மாவின் முறிந்த கையைப் பிடித்து இழுத்தான். எக்ஸ்ரே மேசையிலிருந்து அவர் தரையில் விழுந்தார். "ஊர் முழுக்க மானத்தை வாங்கிட்டியேடி!" என்று இடுப்பில் மிதித்தான்.

கொக்கியில், கதிர்வீச்சு படாமலிருக்க நாங்கள் மாட்டிக்கொள்ளும் ஈய அங்கி தொங்கியது. ஆறு கிலோ. இரண்டு கையாலும் சுழற்றி அவன் முகத்தில் அடித்தேன். மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது. மறுபடி அடித்தேன். இன்றுவரை அதற்காக நான் துளியும் வருத்தப்படவில்லை. காவலாளிகள் அவனைக் கோழி மாதிரி அமுக்கிக்கொண்டு போனார்கள்.

டாக்டர் ஓடி வந்தார். "போலீசுக்குச் சொல்லியாச்சு. அம்மாவை வார்டுல சேருங்க, வீட்டுக்கு அனுப்ப வேண்டாம்" என்றார்.

தூக்கிவிடக் குனிந்தேன். அந்த அம்மா நல்ல கையால் என் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். காது அடைத்துப்போனது.

"எம் புள்ளைய அடிக்க நீ யாருடி?"

"இவ்வளவு பலம் இருக்கே, இதை அவன்கிட்ட காட்டியிருக்கலாம்ல?"

அவர் என்னையே பார்த்தார்.

"அவன் திருப்பி அடிப்பான்" என்றார். "நீ அடிக்க மாட்டே."