மாவு சலித்த துணி

“அப்ப பேப்பர் ஏர் பில்டர் போட்டிருந்தா எஞ்சின் தப்பியிருக்குமா, பாஸ்?”

“தப்பியிருக்கும்,” என்றார் மெக்கானிக் ஹியூபேட். “பேப்பர்ல இருக்கிற ஓட்டை கண்ணுக்கே தெரியாது. தூசி மேலயே நிண்டிரும். அடைச்சுப் போனா தூக்கி எறியோணும், அவ்வளவுதான்.”

“கழுவிப் போடுற துணி பில்டரும் இருக்குன்னீங்களே.”

“அது வேற, ராமையா. கம்பி வலைக்கு நடுவில துணி, துணி முழுக்க ஒட்டுற எண்ணெய். தூசியப் பிடிக்கிறது அந்த எண்ணெய்தான். மோட்டர் சைக்கிள் ஸ்பொஞ்சும் அப்பிடித்தான். பழைய லொறியில அடியில எண்ணெய்ச் சட்டியே இருக்கும். இது வெறும் துணி.”

கொழும்பு கொட்டாஞ்சேனைச் சந்துக்குள் அந்தக் கராஜில், ராமையாவின் பள்ளிக்கூட வேன் முன் ஆசனம் தூக்கப்பட்டுக் கிடந்தது. காற்றுப் பெட்டியிலிருந்து எடுத்த துணியை ஹியூபேட் வாசல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இரண்டு மடிப்பு வெள்ளைத் துணி, பழைய பில்டரின் ரப்பர் விளிம்போடு நெருக்கமாகத் தைக்கப்பட்டிருந்தது. அதன் வழியே வெளிச்சம் ஊசிமுனை ஊசிமுனையாக வந்தது, பகலிலேயே நட்சத்திரம் பூத்ததுபோல. பிறகு அவர் எஞ்சினுக்குப் போகும் குழாய்க்குள் விரலை விட்டெடுத்து, ராமையாவின் உள்ளங்கையில் தேய்த்தார். நறநறவென்றது.

வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராமல் நின்றுபோன வருஷம் அது. பஞ்சிகாவத்தை உதிரிப்பாகச் சந்தையில் கடை கடையாக ஏறி இறங்கியும் இந்த வேனுக்கு பில்டர் கிடைக்கவில்லை. இருந்ததும் கிழிந்துவிட்டது. நான் தைத்துத் தருகிறேன் என்றாள் அவன் மனைவி அங்கம்மா. வெள்ளவத்தைக் கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்துவந்தவள், சமையல் காஸ் இல்லாமல் போனதும் அந்தத் தொழிலை விட்டிருந்தாள். மாவு சலிக்கும் துணியையே வெட்டித் தைத்தாள். முடித்ததும் அதன்மேல் வறுத்த மாவைக் கொட்டி, அடியில் வாயை வைத்து மூச்சை இழுத்துப் பார்த்தாள்.

“ஒரு பொடி வரல. ஒங்க வண்டி என்னைய விடவா இழுத்துரும்?” என்று சிரித்தாள்.

ராமையாவும் சிரித்தான். ஸ்டாண்டில் எல்லோரிடமும் அதைச் சொன்னான். அந்தத் துணியோடுதான் துறைமுக வீதியில், சிமெந்து லொறிகளுக்குப் பின்னால், தினமும் பிள்ளைகளை ஏற்றிப் போனான்.

“ரிங் எல்லாம் தேஞ்சிட்டுது. சிலிண்டரும் கீறுப்பட்டிட்டுது,” என்றார் ஹியூபேட். “வேற எஞ்சின்தான் போடோணும். அது இப்ப நாட்டுக்குள்ள வாறதேயில்ல. இருந்தாலும் உன்னால வாங்கேலாது.”

ராமையா உள்ளங்கையை மூடிக்கொண்டான். பிள்ளைகளின் தாய்மார் ஏற்கெனவே வேறு வேன் பேசிவிட்டார்கள். இனி வீட்டுக்குள் வருமானம் வர ஒரு வழியும் இல்லை. இருந்தும் அவன் கேட்டது வேறு.

“பாஸ், அங்கம்மா வந்தா துணியாலதான்னு சொல்லிறாதீங்க. பேப்பர் போட்டிருந்தாலும் இப்பிடித்தான் ஆகியிருக்கும்னு சொல்லுங்க. இது தெரிஞ்சா அவ தாங்கமாட்டா.”

“பொய் சொல்ல எனக்கு வராது. வேணுமெண்டா வாயத் திறக்காம இருக்கிறன்.”

அங்கம்மா வெயிலில் நடந்து வந்தாள். கையில் ஒரு பை. தரையில் கழற்றிப் போட்டிருந்த எஞ்சின் மூடியை அவள் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் பார்க்காததுபோல் தாண்டி வந்தாள். பைக்குள்ளிருந்து புதிதாகத் தைத்த ஒன்றை எடுத்தாள்.

“நாலு மடிப்பு வச்சிருக்கேன், பாஸ் அண்ணே. மாவு வச்சுப் பாத்தது பத்தலையோன்னு ராத்திரியெல்லாம் ஒரே யோசன. அதான் இந்தத் தடவ அடுப்புச் சாம்பல வச்சுப் பாத்தேன்.”

ஹியூபேட் அவள் முகத்தைப் பார்த்தார். உதடுகளில் சாம்பல் படிந்திருந்தது. நான்கு மடிப்பையும் தாண்டி வந்த சாம்பல். அதைத் துடைத்துக்கொள்ளாமலே வந்திருந்தாள்.

ராமையா தன் மூடிய கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். அவள் அதையும் கவனித்தாள். துணியை இரண்டு கையாலும் ஹியூபேட்டிடம் நீட்டினாள்.

“இத ஒருக்கா மாட்டி, ஸ்டார்ட் பண்ணிப் பாருங்களேன், அண்ணே.”