சாந்த்ராகாச்சியில் ஒரு போலிக் கார்டு

கார்டைக் கையில் வாங்கியதுமே மாதங்கிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அட்டை கொஞ்சம் வழவழவென்று இருந்தது. கல்லூரி நாளிலிருந்து, படம் போட்ட, அரிதானால் ஆயிரக்கணக்கில் விலைபோகும் விளையாட்டுக் கார்டுகளைச் சேர்ப்பவள் அவள். இந்தக் கார்டை வாங்க வந்த தம்பி சந்தீப் ஏமாந்துவிடக் கூடாதே என்றுதான் கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸிலிருந்து துணைக்கு வந்திருந்தாள்.

சாந்த்ராகாச்சி ரயில் யார்டை ஒட்டிய மாடி அறை. ராஜு என்று பெயர் சொன்ன கார்டுக்காரன் அவர்கள் நுழைந்ததும் கதவைத் தாழிட்டு, அதன்மேலேயே சாய்ந்து நின்றான்.

ராஜுவிடம் வங்காள மொழியில் பேசிக்கொண்டிருந்தவள், தம்பி பக்கம் திரும்பித் தமிழில் மெதுவாகச் சொன்னாள். "போலிடா. மூஞ்சில காட்டிக்காதே. யோசிச்சுச் சொல்றோம்னு கிளம்பிடலாம்."

"எதை வச்சுப் போலின்னு சொல்றீங்கக்கா?" என்று தமிழிலேயே கேட்டான் ராஜு.

சந்தீப் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"எங்கப்பா ரயில்வே வேலைக்கு இங்க வந்தவர். ராஜு வெளியில சொல்ற பேரு, வீட்ல தமிழரசன். சொல்லுங்க."

வேறு வழியில்லை. பையிலிருந்து தன் கார்டு ஒன்றை எடுத்து, பின்னால் செல்போன் டார்ச்சைப் பிடித்தாள். ஒளி ஊடுருவவில்லை. "நல்ல கார்டுல அட்டைக்கு நடுவுல கறுப்புத் தாள் ஒண்ணு இருக்கும். வெளிச்சத்தை விடாது." அவனுடையதற்குப் பின்னால் பிடித்தாள். டிராகன் படம் முழுக்கச் சிவந்து ஒளிர்ந்தது.

அவன் பாய்ந்து வந்தான். மாதங்கி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அவன் அவளைத் தாண்டிப் போய் அலமாரிப் பெட்டியைத் திறந்து, கார்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்தான். எல்லாமே ஒளிர்ந்தன.

"இதே கட்டுலேருந்து ஒம்பது பேருக்குக் குடுத்திருக்கேன்" என்றான். குரல் உடைந்திருந்தது. "நேத்து ஒருத்தன் போலி குடுத்துட்டேன்னு கதவ ஒடைக்கிறாப்ல தட்டிக் கத்திட்டுப் போனான். அவன்தான் பொய் சொல்றான்னு நெனச்சேன்."

"எல்லார்கிட்டயும் நீங்களே போய்ச் சொல்லிடுங்கோ" என்றாள் மாதங்கி.

"சொன்னா என்னைச் சும்மா விடுவாங்களா?"

அவன் கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் தாழை நீக்கினான். அக்காவும் தம்பியும் கார்டு வாங்காமலே ஹவுராவுக்கு ரயிலேறினார்கள்.

இரண்டாம் நாள் காலை, சந்தீப்பிடம் எண் வாங்கி அவளுக்குச் செய்தி அனுப்பியிருந்தான் தமிழரசன். 'கத்திட்டுப் போனவர்கிட்ட பேசிட்டேன். சாயங்காலம் ஆளுங்களோட வர்றார். நீங்க வந்து டார்ச்ல காட்டி, நீங்க சொல்லித்தான் எனக்கே தெரியும்னு சொன்னா, தெரியாமத்தான் வித்தேன்னு நம்புவார். வருவீங்களாக்கா?'

"போகாதே, உனக்கென்ன தலையெழுத்து" என்றான் சந்தீப்.

மாதங்கி தன் கார்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். பிறகு, 'எத்தனை மணிக்கு?' என்று அனுப்பினாள்.