காஞ்ச ஓடு

மந்தாரக்குப்பம் வாடகைக் கொட்டகையில் எஞ்சின் ஓடத் தொடங்கியதும் பல்புகள் எல்லாம் ஒன்றாக எரிந்தன. முந்திரி ஓட்டை அரைகுறைக் காற்றில் புகையவிட்டு, அதில் வரும் வாயுவால் எஞ்சினை ஓட்டி மின்சாரம் எடுப்பதுதான் ஹரிணியின் ஆராய்ச்சி. பணம் தரும் சென்னை அலுவலகத்திலிருந்து வந்திருந்த புவனா மேடம் பார்த்துவிட்டு, ஓடுகிறது என்று எழுதினால் திட்டம் இன்னொரு வருடம் நீளும். இல்லாவிட்டால் உலையைப் பிரித்து லாரியில் ஏற்றிவிட வேண்டியதுதான்.

“நெய்வேலி நிலக்கரி மேலயே உக்காந்துகிட்டு முந்திரி ஓட்ட எரிக்கிறீங்களே, உங்க தைரியத்தப் பாராட்டணும்” என்றார் மேடம், உலைக்குப் பக்கத்து நாற்காலியில் அமர்ந்தபடி. ஹரிணியின் வழிகாட்டிப் பேராசிரியர் ராஜ்மோகன் தேவைக்கு மேல் சிரித்தார்.

ஹரிணியின் கண் சுவரில் தொங்கிய கண்ணாடிக் குழாயை விட்டு அகலவில்லை. அதிலுள்ள சிவப்புத் தண்ணீர் ஏறினால் வடிகட்டி அடைக்கிறது என்று அர்த்தம். ஏறிக்கொண்டிருந்தது. பல்புகள் ஒருமுறை மங்கித் தெளிந்தன. பிறகு தொண்டையைக் கவ்வும் ஒரு காட்டமான நாற்றம். உலை மூடியின் விளிம்பில் கறுப்பாக ஏதோ கசிந்து நுரைத்தது.

போன மாதம்தான் ஆராய்ச்சியில் சேர்ந்த ஜாகிரை ஓரமாக இழுத்தாள்.

“ஓடு எங்கடா வாங்கின?”

“பண்ருட்டியிலக்கா. நாம எப்பவும் வாங்குற மில்லு லீவு. முந்திரி யாவாரி ஜமால் பாய்கிட்ட எடுத்தேன்.”

“காஞ்ச ஓடுதான?”

“சத்தியமாக்கா. களத்துல கொட்டிக் காயவெச்சிகினு இருந்தாரு. அள்ளுனா கலகலன்னுது.”

அவளுக்குப் புரிந்துவிட்டது. எண்ணெய் பிழிந்த ஓட்டைத்தான் கொட்டகையில் ‘காஞ்ச ஓடு’ என்பார்கள். புதிதாக வந்தவனுக்கு அதை யாரும் விளக்கவில்லை. அவளும்தான். பண்ருட்டியில் காஞ்சது என்றால் வெயிலில் காய்ந்தது. உள்ளே எண்ணெய் அப்படியே இருக்கும். அதுதான் தாராகி வடிகட்டியை அடைக்கிறது.

உலைக்குக் காற்று விடும் வால்வை நோக்கி நடந்தாள். ராஜ்மோகன் குறுக்கே வந்தார். உதடு அசையாமல் பேசினார்.

“கொஞ்சம் பொறும்மா. எழுதிட்டுப் போயிடுவாங்க.”

“வாயு பின்னால தள்ளுது சார். மூடி தாங்காது.”

“அவங்க முன்னாடி நிறுத்தினா எல்லாம் போச்சு.”

தெரியும். மேடம் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். அவர் முழங்கைக்கு எட்டும் தூரத்தில் மூடி நடுங்கியது. ஹரிணி அவரைச் சுற்றிக்கொண்டு போய் வால்வைத் திருகி மூடினாள். எஞ்சின் விக்கி விக்கி நின்றது. பல்புகள் அணைந்தன.

“மேடம், எந்திரிங்க. வெளிய போங்க. அப்புறம் சொல்றேன், மொதல்ல போங்க!”

நால்வரும் வாசலைத் தாண்டியிருக்கமாட்டார்கள், உள்ளே ‘டம்’மென்று ஒரு சத்தம். புகை சற்று விலகியதும் பார்த்தார்கள். மூடி எகிறி விழுந்ததில் நாற்காலியின் முதுகு பிளந்து கிடந்தது.

புவனா மேடம் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தார்.

“என்னம்மா ஆச்சு?”

“தப்பான ஓடு மேடம். நான் சரியாச் சொல்லல.”

ஜாகிர் வாயைத் திறந்தான். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

“ஓடலன்னுதான் நான் எழுத முடியும்.”

“எழுதுங்க மேடம்.”

கார் போன பிறகும் ராஜ்மோகன் வேப்பமர நிழலிலேயே நின்றார். திட்டப்போகிறார் என்று ஹரிணி காத்திருந்தாள். அவர் தண்ணீர் பாட்டிலைத் திறக்கப் பார்த்தார். முடியவில்லை. அவள் வாங்கித் திறந்து நீட்டினாள்.

“நீ மொதல்ல குடி” என்றார்.