கட்டுவிரியன் படம்

கண்ணையா செத்தது குடியால் என்று கம்பெனி ரிப்போர்ட்டில் இருந்தது. அதை டைப் அடித்தவன் நான். அறுபத்து நாலாம் வருஷம், தீவின் ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் ஒரு மரக் கம்பெனி ஆபீசில் எனக்கு கிளார்க் வேலை.

பக்கத்துத் தீவான பாராடாங்கில், கம்பெனி கேம்ப்பில் மரம் வெட்டிக்கொண்டிருந்தவன் கண்ணையா. ஒருநாள் காலை வேலைக்கு வந்தவன் கண் சொருகி, நாக்குக் குழறி, தள்ளாடி விழுந்தான். "தாரு பியா ஹை", குடித்திருக்கிறான் என்று மேஸ்திரி ஷெட்டில் படுக்கவைத்தான். மத்தியானத்துக்குள் மூச்சு நின்றுவிட்டது. குடித்துச் செத்தவன் குடும்பத்துக்கு இனி கம்பெனி குவார்ட்டர்ஸில் இடம் கிடையாது என்றார் மானேஜர் பக்தவத்சலம்.

அவன் மனைவி நீலாவதி படகேறி ஆபீசுக்கு வந்தாள்.

"அவரு சொட்டுக்கூடத் தொடமாட்டாருங்க. வேலைக்குப் போனப்புறம் அவரு படுத்திருந்த பாயைச் சுருட்டினேன், அடியில பாம்பு. கறுப்புல வெள்ளை வளையம். அடிச்சுக் கடல்ல எறிஞ்சுட்டேன்."

"கடிவாயே இல்லைன்னு கம்பவுண்டர் எழுதியிருக்கார்மா. அந்த மாதிரிப் பாம்பு இந்தத் தீவுலயே கிடையாது" என்றார் மானேஜர்.

அவள் அவர் தலைக்கு மேலே கையைக் காட்டினாள். "அதுதாங்க."

சுவரில் கண்ணாடி போட்ட வாட்டர்கலர் படம், ஒரு கட்டுவிரியன். நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு வெள்ளைக்கார டாக்டர் செதில் செதிலாக வரைந்தது. மானேஜர் ஏலத்தில் எடுத்தது. அடியில் பொடி எழுத்தில் இங்கிலீஷ்.

"என்ன எழுதியிருக்கு, தம்பி?"

யோசிக்காமல் படித்துச் சொன்னேன். "கொடிய விஷம். கடித்த தடம் தெரியாது. கடிபட்டவன் குடித்தவனைப் போல் குழறுவான். இமை தானாக மூடும்."

மானேஜர் அடுத்த வாரம் வரச் சொன்னார். அவள் படி இறங்கியதும் என்னிடம், "அதைக் கழட்டி என் வீட்டுக்கு அனுப்பு" என்றார். ஸ்டூலில் ஏறிக் கழற்றினேன். அந்த ஆணியில் காலண்டரையும் நானே மாட்டினேன்.

அடுத்த வாரம் அவள் விசாரணைக்கு ஒரு சர்க்கார் லேபர் அதிகாரியைக் கையோடு கூட்டிவந்தாள். அவர் சுவரைப் பார்த்தார், பிறகு என்னை.

"இங்கே பாம்புப் படம் இருந்ததா?"

மானேஜர் ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரிஞ்சு இல்லை சார்."

"நீதானே தம்பி படிச்சுச் சொன்னே?" என்றாள் நீலாவதி. ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். அதிகாரி நோட்டை மூடினார்.

அந்த மாதமே மெட்ராஸ் கப்பலில் அவளையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிவிட என்னைத்தான் அனுப்பினார்கள். டிக்கெட்டை வாங்கிக்கொண்டு கேட்டாள்:

"ஊருல என் மாமியார் கேப்பாங்க, எம்புள்ள எப்படிச் செத்தான்னு. குடிச்சுத்தான்னு சொல்லிடவா, சார்?"

பிள்ளைகளை முன்னால் விட்டு அவள் ஏறிப் போனாள்.

அடுத்த ஏப்ரலில் என்னை ஹெட் கிளார்க் ஆக்கினார்கள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.